படம் இன்னும் வரேல்லை

அக்கா,

மேசை இழுப்பறைக்குள் வயர் ஒன்றைத் தேடப்போய், உங்கள் பட்டியல் கையில் வந்தது. நாலாக மடித்த பெரிய தாள். விரித்ததும் வறுத்த அரிசி மணம் வந்தது என்று சத்தியம் பண்ணுவேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அது வராது என்பீர்கள். ஆனால் கறை இருக்கிறது. வலது மூலையில் உங்கள் கோப்பையின் அடி வட்டம். வறுத்த அரிசி போட்ட அந்தத் தேநீரை எங்கே வைத்தாலும் ஒரு வட்டம் போடாமல் நீங்கள் எடுத்ததில்லை. என் மேசையிலும் இரண்டு இருக்கின்றன. நான் துடைக்கவில்லை.

தாளின் இடப்பக்கம் உங்கள் யப்பானிய எழுத்து. ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை இலக்கம். ஒவ்வொன்றுக்கும் நேரே என் கையெழுத்தில் தமிழ். மூன்று, செருப்புக்குள் ஈரம். ஒன்பது, சோறு வேகும்வரை. பதினாறு, பொய் சொன்ன பிறகு வரும் பசி. நாற்பத்தொன்று, முடிவு. வலப்பக்கம், எந்தக் காட்சிக்கு எந்த இலக்கம் என்று சிவப்புப் பென்சிலால் நான் குறித்தது. வேண்டாமென்று விட்டவற்றுக்குக் கோடு இழுத்திருக்கிறேன். நாற்பத்தொன்றுக்கு மட்டும் காட்சியும் இல்லை, கோடும் இல்லை.

அடுத்த மாதம் உங்கள் நினைவாக ஒரு நிகழ்வு வைக்கிறார்கள், நகர நடுவிலுள்ள திரையரங்கில். ஒழுங்கு செய்கிற பெண் நல்லவள், சுறுசுறுப்பானவள். ஆனால் அவள் அனுப்பிய அறிமுகக் குறிப்பை வாசித்ததும் எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. 'யப்பானில் சிறுவர் தொலைக்காட்சிக்குப் பணியாற்றிய பின், ஒஸ்லோவில் தன் உண்மையான இசைப் பயணத்தைத் தொடங்கினார்.' முப்பது வருடத்தை ஒரே வரியால் துடைத்துவிட்டாள். அது மட்டுமல்ல. நிகழ்வின் கடைசியில் உங்கள் புகைப்படங்களை வரிசையாகத் திரையில் ஓடவிடப் போகிறார்களாம். அதற்கு எந்த இசை என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் ஒன்பதாம் இலக்கம். எல்லோருக்கும் தெரிந்தது அதுதானே என்கிறாள். இன்று புதன்கிழமை.

உங்களை அக்கா என்று நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நோர்வேயில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவது, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஒஸ்லோப் புறநகர் புருசெத்தில் அம்மாவின் வீட்டுக்கு நீங்கள் வரும்போதெல்லாம் அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துவைத்துக் கண்டிப்பார். "உன்னிலும் பார்க்கப் பதினாலு வயசு மூத்த மனுசி. பேர் சொல்லிக் கூப்பிடுறாய். அக்கா எண்டு சொன்னா வாய் தேய்ஞ்சு போயிடுமோ?" இந்த மடலை அம்மாவும் வாசிப்பார். ஆகையால் அக்கா.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாம் கதைத்ததெல்லாம் நோர்வேஜிய மொழியில். உங்களுடையது வயதுவந்த பிறகு வகுப்பில் படித்தது, என்னுடையது ஏழு வயதில் பள்ளிக்கூட முற்றத்தில் அடிபட்டுப் படித்தது. ஆனால் நீங்கள் போன பிறகு உங்கள் குரல் என் காதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது. கேட்கிறபடியே எழுதுகிறேன், குறை நினைக்கவேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு நான் அனுப்பப்போகும் திருத்தம் இப்படித்தான் தொடங்கும்: இவர் ஒரு சோற்றுப் பானைக்கு மெட்டுப் போட்டவர்.

சிரிக்காதீர்கள். நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். இசைக் கல்லூரி முடித்த கையோடு முதல் வேலை, காலைத் தேகப்பயிற்சி நிகழ்ச்சிக்குப் பியானோ. இரண்டாவது வேலை, சோறு வெந்ததும் மின்சாரப் பானை பாட வேண்டிய பதினொரு சுரம். பசியோடு இருப்பவனுக்குக் கேட்டதும் சந்தோசம் வரவேண்டும், தூங்குகிற குழந்தை எழும்பக்கூடாது. இந்த இரண்டு நிபந்தனைக்காகவும் மூன்று வாரம் மண்டையை உடைத்தீர்கள். "பிறகு நான் எழுதின எல்லாத்துக்கும் இந்த ரெண்டு நிபந்தனைதான்" என்பீர்கள். அதற்குப் பிறகு துப்பறியும் தொடர்கள், வாள் சண்டை நாடகங்கள், கடிதம் சுமக்கும் கொக்கைப் பற்றிய கார்ட்டூன், கடலுக்கடியில் ஓடும் பேருந்தைப் பற்றிய கார்ட்டூன், வாடகை வீட்டில் குடியிருக்கும் ரோபோவைப் பற்றிய கார்ட்டூன். வாரம் தவறாமல், வருடம் தவறாமல். ஒரு தலைமுறையே உங்கள் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு பல் தீட்டியிருக்கிறது, உங்கள் பெயர் தெரியாமல்.

பெயர் தெரியாததற்குக் காரணம் உங்கள் தொழில் முறை. அங்கே தொலைக்காட்சிக் கார்ட்டூனுக்குப் படம் வரைந்து முடிவதற்குள் இசையைப் பதிவு செய்துவிட வேண்டும். அதனால் உங்களுக்குப் படம் வராது, ஒரு பட்டியல்தான் வரும். சோகம் ஒன்று, சோகம் இரண்டு, துரத்தல், மழை, அசடு வழிதல். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். எந்தத் துண்டை எந்தக் காட்சியில் வைப்பது என்பதை ஒலிக்குப் பொறுப்பான வேறொருவர் தீர்மானிப்பார். அந்த அறைக்குள் இசையமைப்பாளர் போகும் வழக்கமே இல்லை. "முப்பது வருசம் என்ர பாட்டு எங்கை வருகுதெண்டு நான் ரீவியிலைதான் பாத்தனான், எல்லாச் சனத்தையும் போல" என்று ஒருநாள் சொன்னீர்கள். நான் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அந்த ரோபோக் கதையையும் அன்றைக்குத்தான் சொன்னீர்கள். கொடியில் காயப்போட்ட உடுப்பு மழையில் நனைவதற்கென்று நீங்கள் எழுதிய ஒரு துண்டு. அதைக் கொண்டுபோய், ரோபோவின் இயக்கத்தை நிறுத்தும் கடைசிக் காட்சியில் போட்டுவிட்டார்கள். தொலைக்காட்சிக்கு முன்னால் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்று நீங்களே அழுதீர்களாம். "உடுப்பு நனையிறதுக்கு எழுதினது அது. அந்த மனுசன் எங்கை கொண்டுபோய் வைச்சான் பார்" என்றீர்கள். திட்டுகிறீர்களா மெச்சுகிறீர்களா என்று எனக்குப் பிடிபடவில்லை.

உங்கள் கணவர் கப்பல் பொறியியலாளர். அவருடைய ஊர் ஒஸ்லோ, வேலை ஓய்ந்ததும் உங்களையும் பியானோவையும் கூட்டிக்கொண்டு ட்வெய்ட்டாவில் நாலாம் மாடிக்கு வந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் நீங்கள் புதிதாக ஆரம்பித்தீர்கள். ஒரு நோர்வேஜிய இயக்குநர் உங்கள் பியானோத் துண்டுகள் நாலைக் கேட்டு, மயங்கி, தன் படத்தைக் கொடுத்தார். தாயொருத்தி தீவுக்குப் போகும் பாதைப்படகில் வேலை செய்கிறாள், அவளின் சின்னப் பெண் கரையில் தனியாக வளர்கிறாள். அதுதான் கதை. முழுநீளப் படம். திரையில் உங்கள் பெயர் தனியாக, வேறு ஒருவரின் பெயரும் பக்கத்தில் இல்லாமல் வரப்போகும் முதல் படம். "இது சரிவராட்டிப் பியானோவை மூடிப்போட்டு மனுசனோடை உருளைக்கிழங்கு கிண்டப் போறன்" என்று கோப்பி இயந்திரத்தடியில் நின்று சொன்னீர்கள். பகிடிபோலத்தான் சொன்னீர்கள், ஆனால் வெறும் கோப்பைக்குள் கரண்டியைச் சுற்றிக்கொண்டே நின்றீர்கள். நான் பார்த்தேன்.

நான் அந்தப் படத்துக்கு இசை வெட்டி ஒட்டுகிறவள். என் வேலை என்ன? இசையமைப்பாளர் காட்சிக்கு அளவெடுத்து எழுதிக் கொடுப்பார். நான் அரை விநாடி கூடினால் நறுக்குவேன், குறைந்தால் இழுப்பேன். அதுவரை பன்னிரண்டு வருடமாக ஒரு சுரத்தைக்கூட நானாகத் தெரிந்தெடுத்து எங்கேயும் வைத்ததில்லை. தையற்கடையில் பொத்தான் தைக்கிறவள் மாதிரி.

பதிவு நாள் காலை. வயலின், வியோலா, செலோக்காரர்கள் பதினெட்டுப் பேர், இரண்டு கிளாரினெற். நீங்கள் கழுத்தில் ஸ்ரொப் வாச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் நின்றீர்கள். முதல் துண்டு வாசித்து முடிந்தது, நாற்பத்தைந்து விநாடி. எல்லோரும் அசந்துபோய் இருந்தார்கள். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிக அழகு. இது எந்தக் காட்சிக்கு?" என்று கேட்டார்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றீர்கள் நீங்கள், மிகவும் மரியாதையாக. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருந்த என்னைக் காட்டினீர்கள். "அது அவவின்ர வேலையெல்லோ."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இயக்குநர் உங்களுக்குக் காட்சிகளையும் அளவுகளையும் அனுப்பியிருந்தார். கிடைத்தது, நன்றி என்று நீங்கள் பதிலும் போட்டிருந்தீர்கள். வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று அறிய ஒருமுறை பார்த்துவிட்டு, மூடி வைத்துவிட்டு, கதையை மட்டும் வாசித்து, நாற்பத்தொரு துண்டு எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுகூட ஒரு காட்சிக்கும் அளவில்லை. இங்கே ஒவ்வொரு இசையமைப்பாளரும் படத்தைப் பார்த்து அளந்துதான் எழுதுவார் என்பது எங்களுக்கு எவ்வளவு நிச்சயமோ, இசைக்கு இடம் தெரிகிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார் என்பது உங்களுக்கு அவ்வளவு நிச்சயம். 'இசைத் தொகுப்பாளர்' என்று என் பெயருக்குக் கீழே கண்டதும், அது நான்தான் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை.

இயக்குநர் என்னை நடைபாதைக்குக் கூட்டிப்போனார். பேயறைந்த முகம். வேறு ஒருவரைப் பிடிக்கலாம், இன்னும் காலம் இருக்கிறது, இந்த மனுசியை அனுப்பிவிடலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இப்படித்தான் செய்யப் போகிறார் என்று உனக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டார். கண்ணாடிக்கு அப்பால் நீங்கள் அடுத்த துண்டுக்குக் கையை உயர்த்தினீர்கள். நடக்கிற ஒன்றும் தெரியாமல் அந்த ஸ்ரொப் வாச்சைத் தட்டினீர்கள்.

"ஓம், என்ர வேலைதான்" என்றேன். நோர்வேஜிய மொழியில்தான் சொன்னேன், ஆனால் வயிற்றுக்குள் தமிழில் சொன்னேன். அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம், மூன்று நாள் தாருங்கள், படத்தில் வைத்துக் காட்டுகிறேன் என்றும் சேர்த்துப் புளுகினேன். என் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் எனக்கு மிகவும் பெருமை தருகிற பொய் அது.

பதிவு முடிந்த மறுநாள் என் அறையில் உட்கார்ந்தோம். "உது உன்ர வேலை இல்லையோ?" என்று கேட்டீர்கள். யாரோ சொல்லிவிட்டார்கள்.

"இல்லை."

"அப்ப ஏன் ஓமெண்டனீ?"

"வாய் முந்தீட்டுது."

நீங்கள் தேநீரைப் பட்டியலின் மேல் வைத்துவிட்டு, சிரித்துச் சிரித்து இருமினீர்கள். இயக்குநர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருக்கு விளங்காமல் இருக்கட்டும் என்று, நீங்கள் ஒவ்வொரு இலக்கத்தின் பொருளையும் என் காதுக்குள் சொல்ல, நான் தமிழில் எழுதினேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அம்மா என்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனது வீணாகவில்லை. இயக்குநர் தாளை முறைத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் யப்பானியமா?" என்றார். "ஓம்" என்றேன். அதுவும் பொய்தான்.

இரண்டு நாள் இழுபட்டோம். நீங்கள் இன்ன இடத்தில் வை என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நான் வைத்ததைப் பார்த்துத் தலையாட்டுவீர்கள், இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொள்வீர்கள். கண்ணை மூடினால் எடுத்துவிடுவேன். கடைசிக் காட்சி வரையும் சண்டை வரவில்லை.

கடைசிக் காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். படகு கரைக்கு வருகிறது, தாய் இறங்குகிறாள், சின்னப் பெண் எழும்பி நிற்கிறாள். ஓடிவரவில்லை, சும்மா எழும்பி நிற்கிறாள். நாற்பத்தொன்றாம் இலக்கம் அதற்கென்றே எழுதியது. நாலு நிமிடத்துக்கு மேல், இருபது வாத்தியமும் ஒன்றாக எழும்பும், உங்கள் முப்பது வருடமும் அதற்குள் இருந்தது. வைத்துப் பார்த்தேன். அந்தச் சின்னப் பெண் அதற்குள் மூழ்கிப் போனாள். முகமே தெரியவில்லை. எடுத்துவிட்டு ஒன்பதை வைத்தேன். முப்பத்தெட்டு விநாடி, இரண்டு வியோலா, ஒரு கிளாரினெற். சோறு வேகும்வரை.

நீங்கள் கண்ணை மூடவில்லை, எழும்பிவிட்டீர்கள். "உது சோறு வேகிறதுக்கு எழுதினது. முடிவுக்கு முடிவு இருக்கு. இலக்கம் போட்டுத் தந்திருக்கிறன்."

"முடிவு பெரிசாக் கிடக்கு. பிள்ளை சின்னன்."

"முப்பத்தெட்டு செக்கனுக்குப் பிறகு என்ன?"

"ஒண்டுமில்லை. படகுச் சங்கிலிச் சத்தம்."

"நான் எழுதினதிலை ஆகத் திறமானது அந்த நாப்பத்தொண்டு" என்றீர்கள். நான் பிடிவாதக்காரி, ஒன்பதை எடுக்கவில்லை. அன்றைக்கு உங்களுக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன். அந்தச் சின்னப் பெண் நான்தான். அம்மா முதியோர் இல்லத்தில் இரண்டு வேளை வேலை செய்த காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்து, அடுப்பில் சோற்றைப் போட்டுவிட்டு, புருசெத்தில் ஏழாம் மாடி யன்னலால் ரயில் நிலையத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா வரும்போது பெரிய இசை ஒன்றும் எழும்பவில்லை. சோறு வெந்திருக்கும், அவ்வளவுதான். அதை எனக்கு முன்பின் தெரியாத ஒருத்தி யப்பானில் இருந்து வந்து கிளாரினெற்றில் எழுதி வைத்திருக்கிறாள். நான் எப்படி விடுவேன்?

நீங்கள் மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். கதவடியில் நின்று, "நாளைக்கு நான் வரேல்லை" என்றீர்கள். போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு சொன்னீர்கள்: "நான் தியேட்டரிலை பாக்கிறன். எல்லாச் சனத்தையும் போல."

அந்த வசனத்தின் பொருள் எனக்கு ட்வெய்ட்டா நிலையத்தைத் தாண்டிப் போகும்போதுதான் உறைத்தது. முடிவை என் கையிலேயே விட்டிருந்தீர்கள். ரயிலுக்குள் இருந்து அழுதேன். பக்கத்தில் இருந்த நோர்வேஜியக் கிழவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார், பாவம்.

நாற்பத்தொன்றுக்கு என்ன செய்வது என்று அடுத்த நாள் தொலைபேசியில் கேட்டேன். கோடு இழுக்கட்டுமா என்றேன். "இழுக்காதை. வைச்சிரு. அதுக்குப் படம் இன்னும் வரேல்லை" என்றீர்கள். கோபம் துளியும் இல்லை. உங்கள் தொழிலில் அது ஒரு சாதாரண வசனம் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. இசை எப்போதும் முதலில் வரும். படம் தாமதித்து வரும்.

படம் திரைக்கு வருவதற்கு முந்திய மாதம் அம்மாவைப் பார்க்க வந்தீர்கள். தோசை சாப்பிட்டீர்கள், ஒன்று, இரண்டு, நாலு. கையில் ஒரு பெட்டி. யப்பானில் இருந்து தங்கை அனுப்பியது என்று அம்மாவிடம் கொடுத்தீர்கள். சோற்றுப் பானை. அன்றிலிருந்து அந்த வீட்டில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு உங்கள் பதினொரு சுரம் பாடும். அம்மாவுக்கு உங்கள் படங்களைப் பற்றி ஒரு மதிப்பும் இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் பானையைத்தான் காட்டுவார். "படமெண்டா ஒருக்காப் பாப்பினம், பாக்காமலும் விடுவினம். சோறு ஒவ்வொரு நாளும் வேகும். ஆருக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு?"

முதற்காட்சிக்கு மூன்று பேரும் ஒரே வரிசையில் இருந்தோம். உங்களுக்கும் எனக்கும் நடுவில் அம்மா, காஞ்சிபுரம் சேலைக்கு மேல் பனிக்கால மேலங்கி. கடைசிக் காட்சி. படகு வந்தது. கிளாரினெற் தொடங்கியது. அம்மா என் கையைக் கிள்ளி, காதுக்குள் சொன்னார். "பிள்ளை, சோறு வெந்திட்டுது."

அப்போதுதான் நானும் கேட்டேன். நீங்கள் அந்தப் பதினொரு சுரத்தில் முதல் ஐந்தை மிக மெதுவாக இழுத்து ஒன்பதாம் இலக்கத்துக்குள் வைத்திருந்தீர்கள். நூறு தரம் வெட்டி ஒட்டிய எனக்குத் தெரியவில்லை. இயக்குநருக்குத் தெரியவில்லை. பானையை நாள்தோறும் கேட்ட அம்மாவுக்குத் தெரிந்தது. முப்பத்தெட்டு விநாடி முடிந்து, சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்டபோது, எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு பெரிய மனுசன் விம்மி அழுதார். நீங்கள் அம்மாவுக்கு முன்னால் குனிந்து என்னைப் பார்த்தீர்கள்.

"இது என்ர பாட்டே?"

"ஓம்."

"நான் எழுதேக்கை இவ்வளவு நல்லாயில்லை."

பெயர்கள் ஓடத் தொடங்கின. உங்கள் பெயர் தனியாக வந்தது. அதற்கு அடுத்து, அதே அளவு எழுத்தில், 'இசையைத் தெரிந்தெடுத்து இடம் வைத்தவர்' என்று என் பெயர். அப்படி ஒரு பதவியே எங்கள் படவுலகில் இல்லை. இயக்குநர் அதைத்தான் சொன்னாராம். "அப்ப என்ர பேரையும் எடுங்கோ" என்றீர்களாம். இதை உங்கள் மனுசன்தான் எனக்குச் சொன்னார், நீங்கள் வாயே திறக்கவில்லை. முப்பது வருடமாக உங்கள் இசைக்கு இடம் வைத்த அந்த யப்பானியர்களில் ஒருவரின் பெயராவது எழுத்தில் வந்ததா என்று ஒருமுறை கேட்டேன். வந்தது, கண்ணுக்குத் தெரியாத அளவில் வந்தது என்றீர்கள். அதனால்தான் என்னுடையதைப் பெரிதாகப் போட வைத்தீர்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று படம் செய்தோம். மூன்றுக்கும் நீங்கள் பட்டியல்தான் கொண்டுவந்தீர்கள், பிறகு இயக்குநர்களே பட்டியல் கேட்கத் தொடங்கினார்கள். கடைசியாகச் செய்தது நோர்வேஜியச் சிறுவர் கார்ட்டூன். அதற்கு உங்கள் முறைப்படியே இசை முதலில், படம் பிறகு. வரைகிறவர்கள் பத்துப் பேர் உங்கள் துண்டுகளைக் காதில் மாட்டிக்கொண்டு வரைந்தார்கள். போன கிழமை புருசெத்தில் ரயில் ஏறினேன். எதிரே ஒரு தமிழ்த் தாயும் மகனும். அவன் யன்னலில் விரலால் தட்டிக்கொண்டு உங்கள் மெட்டைப் பாடிக்கொண்டே வந்தான். "உதை நிப்பாட்டு, சனம் பாக்குது" என்று தாய் சொன்னாள். "விடுங்கோ, பாடட்டும். அது எங்கட அக்கா எழுதினது" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, நான் இறங்கவேண்டிய நிலையம் வந்தும் இறங்க மனம் வரவில்லை.

இன்று மத்தியானம் அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். அறிமுகக் குறிப்பில் சோற்றுப் பானையும் கொக்கும் ரோபோவும் வரவேண்டும் என்றேன். அவள் எழுதிக்கொண்டு, சரி என்றாள். புகைப்படங்களுக்கு ஒன்பது வேண்டாம், நாற்பத்தொன்று என்றேன்.

"அது எந்தப் படத்தில் வருகிறது?"

"ஒன்றிலும் வரவில்லை."

"எவ்வளவு நீளம்?"

"நாலு நிமிடம் ஆறு விநாடி."

தன்னிடம் உள்ள புகைப்படங்கள் இரண்டரை நிமிடத்துக்குத்தான் வரும், இசையை வெட்டித் தரமுடியுமா என்றாள். பன்னிரண்டு வருடம் வெட்டினவள்தானே நான், அவள் கேட்டதில் பிழையில்லை. "இசையை வெட்டமாட்டேன். முதலில் இசையை அனுப்புகிறேன், நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டு படங்களை அடுக்குங்கள்" என்றேன். வழக்கம் அப்படி இல்லையே என்றாள். உங்கள் மனுசனிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வைத்துவிட்டாள்.

கால் மணித்தியாலத்தில் திரும்பி எடுத்தாள். குரல் மாறியிருந்தது. அவர் முதலில் நாற்பத்தொன்றா என்று இரண்டு தரம் கேட்டாராம். பிறகு, "என்னை ஏன் கேக்கிறீர்? அது அவவின்ர வேலையெல்லோ" என்றாராம். அவர் சொன்னது வேறு மொழியில்தான். ஆனால் எனக்கு அதைத் தமிழில் கேட்கத்தான் தெரியும்.

"அப்படியா, இது உங்கள் வேலைதானா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஓம், என்ர வேலைதான்" என்றேன். இந்த முறை அது பொய்யில்லை.

பதினொரு வருடத்துக்குப் பிறகு நாற்பத்தொன்றை முழுதாகப் போட்டுக் கேட்டேன். அந்தச் சின்னப் பெண்ணுக்குத்தான் அது பெரிது, உங்களுக்கு அளவாகவே இருக்கிறது. நீங்கள் சொன்னது சரி, நீங்கள் எழுதியதில் ஆகத் திறமானது இதுதான். நான் அன்றைக்கு எடுத்ததும் சரிதான், அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பிறகு சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்தேன். நாற்பத்தொன்றுக்கு நேரே இருந்த வெறும் இடத்தில் உங்கள் பெயரை எழுதினேன். உங்களால் வாசிக்க முடியாது, தமிழில்தான் எழுதியிருக்கிறேன். படம் வந்திட்டுது, அக்கா.